மூன்று நாள் பத்தியம்

எங்கள் பள்ளத்தாக்கில் ரத்தம் எடுக்கச் சொல்லாத டாக்டரை யாரும் டாக்டராக மதிப்பதில்லை. நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று அனுப்பினால், அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று அடுத்த பஸ்ஸில் தேனிக்குப் போய்விடுவார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் உத்தமபாளையத்தில் ஒரு மாடி லேபில் எனக்கு வேலை ஓடியது. செல்போன் ஊருக்குள் வந்த புதிது. காய்ச்சல் என்று யார் வந்தாலும் டைபாய்டு டெஸ்ட். லேசாக ஏதாவது தென்பட்டால் போதும், வீட்டுக்குப் போவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

சர்க்கரை டெஸ்ட் மட்டும் வேறு ரகம். அதை எங்கள் ஆட்கள் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளுக்கு முன்பே படிப்பு தொடங்கிவிடும். கேப்பைக் கஞ்சி, பாகற்காய்ச் சாறு, சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடை. மற்ற நாட்களில் டப்பாவில் தூங்கும் மாத்திரை அந்த மூன்று நாள் மட்டும் வேளை தவறாமல் உள்ளே போகும். நாலாம் நாள் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டுவார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வரச் சொன்னால், சட்னிகூடத் தொடாமல் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள். நம்பர் நன்றாக வந்துவிட்டால் நேரே புரோட்டாக் கடைதான்.

இந்தப் பரீட்சையில் முதல் மாணவர் என் அப்பா. அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை வருவார். நானே ரத்தம் எடுப்பேன், நானே ரிப்போர்ட் எழுதுவேன். நூற்றுப்பத்தைத் தாண்டியதே இல்லை. அந்தத் தாளை டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டிவிட்டு ஜிலேபி வாங்கித் தின்பார். வெறும் வயிற்று ரத்தம் அன்றைய காலையைத்தான் சொல்லும், போன வாரத்து ஜிலேபியைச் சொல்லாது என்று படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். அவருடைய மூன்று நாள் கஞ்சியும் தெரியும். இந்தத் தடவையும் பாஸா என்று கேலி பண்ணிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். உண்மையைச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். சொல்லாவிட்டால், எம் மக லேபு மாதிரி உண்டா என்று ஊரெல்லாம் பேசுவார். எனக்கு அந்தப் பேச்சு இனித்தது.

அவருடைய டாக்டரும் எங்களுக்குச் சளைத்தவர் இல்லை. தாளைப் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்பார், அதே மாத்திரையை எழுதுவார். தாளைக் கொண்டுவந்த ஆளை அவர் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு மாதம் அவர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். அப்பா பெருமையாகத் தாளை நீட்டினார். அந்தம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறச் சொன்னார்.

"சக்கரைக்குத்தானத்தா வந்தேன். கால என்னத்துக்குப் பாக்குறாக?" என்று அப்பா என் காதில் முணுமுணுத்தார்.

வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு குழி. அதற்குள் திராட்சைப் பந்தல் கம்பியின் துண்டு, சுற்றிலும் கறுத்த சதை. எப்போது குத்தியது என்று டாக்டர் கேட்டார். குத்தியதே அப்பாவுக்குத் தெரியாது. டாக்டர் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் விடை எடுத்துக்கொடுப்பேன் என்று.

அன்றே மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும் டெஸ்ட் எடுத்தார்கள். ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்றைத் தாண்டியிருந்தது. மூன்று நாள் கஞ்சிக்கெல்லாம் அது மசியவில்லை. விரலை எடுத்தார்கள். கால் தங்குமா என்பது பத்து நாள் போனால்தான் தெரியும் என்றார்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் மறுநாள் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றின் அடியிலும் என் கையெழுத்து. இதையெல்லாம் யார் எடுத்தது என்று கேட்டார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த அப்பாதான் முந்திக்கொண்டார்.

"எம் மகதான் சார். நாலு வருசமா ஒரு தடவகூட என்னயப் பெயிலாக்குனதில்ல."