பெரியப்பாவின் இடது கன்னம்

எங்கள் பெரியப்பாவுக்கு இடது கன்னம் எப்போதும் உப்பித்தான் இருக்கும். காலையில் பல் விளக்கிய கையோடு ஒரு துண்டுப் புகையிலையை அங்கே அடக்கினாரென்றால், சாப்பாட்டு நேரம் தவிர அது இடம் பெயராது. அதனால் பேச்சும் பாதிதான் வெளியே வரும். 'உண்ணி உண்டா' என்றால் தண்ணி கொண்டா. ஒருமுறை அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் 'உக்காருங்க' என்று உபசாரம் சொல்ல, அவர்கள் காதில் 'ஊருக்குப் போங்க' என்று விழுந்து, முகம் சுண்டி வாசலோடு திரும்பப் பார்த்தார்கள். ஓடிப்போய் அர்த்தம் சொல்லி அவர்களைக் காப்பாற்றியவள் நான். எனக்கு அப்போது ஏழு வயது. அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு வாய் நான்தான். கீழப்பழுவூர்ப் பக்கத்தில் வேறு எந்தச் சிறுமிக்கும் அப்படியொரு உத்தியோகம் கிடையாது என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

உலகத்தில் எங்கேயோ யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், பெரியப்பாவின் கன்னத்துக்குள் ஒரு புண் வந்து ஆறாமலே கிடந்தது. அரியலூர் டாக்டர் விரலை விட்டுப் பார்த்தார். புகையிலையை அன்றே நிறுத்த வேண்டும், உடனே திருச்சிக்குப் போய் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றார். "சின்னதா இருக்கையிலே அறுத்து எடுத்துட்டா பொழச்சுக்கலாம். ஆறப்போடாதீங்க" என்றாராம். பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, இருந்த புகையிலைக் கட்டை அப்படியே அடுப்பில் போட்டாள். பொழுது சாயும்வரை வீடே தும்மியது. மாடுகூடத் தும்மிற்று. வெள்ளிக்கிழமை வண்டி கட்டுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் காலரா வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கிற்று. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். கீழத்தெருவில் அழுகைச் சத்தம் கேட்டால், எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெரியப்பா ஊருக்குப் போகாமல் என்னோடு இருக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

அப்பா விடவில்லை, பெரியப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அரியலூர் ஸ்டேஷனில் சுகாதார அதிகாரி எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டதுமே இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, ஊசி போட்ட சீட்டு இல்லாமல் ரயிலேறக் கூடாது என்றுவிட்டார். ஊசி மருந்தோ தீர்ந்துபோயிருந்தது. அது வந்து சேர்ந்து, ஊசி போட்டு, கை வீங்கி, மறுபடி போனார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் வராந்தா முழுக்கப் பேதிக்காரர்கள் படுத்திருந்தார்களாம். இருக்கிற இரண்டு டாக்டரும் அவர்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இது அடங்கட்டும், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா எனக்கு ஒரு ரப்பர் பந்தோடு திரும்பி வந்தார். போன காரியம் ஜெயித்துவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு யுத்தம் ஆரம்பித்திருந்தது. புகையிலையை நிறுத்தியும் பெரியப்பாவின் கன்னம் வற்றவில்லை. முன்னைவிட ஒரு சுற்று பெரிதாகவே தெரிந்தது. பெரியம்மா அம்மாவிடம் அடித்துச் சொன்னாள்: "இவரு எங்கியோ ஒளிச்சு வெச்சுப் போடுறாரு. அதான் வத்த மாட்டேங்குது. நிறுத்தினா வத்திடும் பாரு."

அன்றிலிருந்து தேடுதல் வேட்டைதான். வைக்கோல்போரில் கையை விட்டாள். கூரை எரவாணத்தைத் துழாவினாள். ஊறுகாய் ஜாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. "வாயைத் தொறங்க" என்பாள். பெரியப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு "உஹூம்" என்பார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கடைசியில் அவருடைய துண்டை மோந்து பார்ப்பாள். "குப்புனு அடிக்குது. இன்னும் இல்லேன்னு சாதிக்கிறீங்களா?" என்று பிடித்துக்கொள்வாள். பெரியப்பா கையும் களவுமாய் அகப்பட்டவர் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தபின் பெரியம்மாவின் முகம் தெளிந்துவிடும். ஏதோ பாட்டை முனகிக்கொண்டே சோற்றைக் குழைய வடித்து, மோர் விட்டுப் பிசைந்து அவருக்குக் கொண்டுவந்து வைப்பாள். அவள் திட்டுகிற நாளெல்லாம் எங்கள் வீட்டில் நல்ல நாள்.

அந்தப் புகையிலை இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். என் தகரப் பெட்டியில், பாவாடைக்கு அடியில் இருந்தது. கடையில் கட்டிக் கொடுத்த நூல்கூட அவிழாத ஒரே ஒரு சுருள். காலையில் பெரியப்பா கண்ணைச் சிமிட்டுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு தரம் மோந்து பார்ப்பார். துண்டின் முனையில் நன்றாகத் தேய்த்துக்கொள்வார். தேய்க்கும்போது தோள் குலுங்கச் சிரிப்பார். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார். போட்டுக்கொள்ளவில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓந்தா ஓதும்" என்றார்.

மோந்தா போதும். அப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஊரில் காலரா அடங்கி, அம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது நாலு மாசம் ஆகியிருந்தது. மறுபடி திருச்சிக்குப் போனார்கள். இனிமேல் கத்தி வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா கிணற்றடிக்குப் போய் ஓசையில்லாமல் அழுதார். பெரியம்மாவோ, "சொல்லச் சொல்லக் கேக்காம போட்டீங்களே" என்று பெரியப்பாவோடு சண்டைக்கு நின்றாள். அவர் வழக்கம்போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அப்புறம் அவர் பேசுவது எனக்கே பாதிக்குமேல் விளங்கவில்லை. வேலை போய்விடுமோ என்கிற பயத்தில் நானாக எதையாவது அடித்துவிடுவேன். நான் என்ன சொன்னாலும் அதுதான், அதுதான் என்று தலையை ஆட்டுவார். தையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா ஒன்றையே சொன்னாள்: "பொயிலைதான் கொண்டுபோயிருச்சு. திருட்டுத்தனமா போட்டுப் போட்டே போயிட்டாரு."

கருமாதிப் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். புகையிலைக்குக் கடைக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார்கள். நான் உள்ளே ஓடி, பெட்டியிலிருந்த சுருளை எடுத்து வந்து பெரியம்மாவிடம் நீட்டினேன்.

"ஏதுடி இது?"

"பெரியப்பாவோடது. தெனம் மோந்து பாத்துட்டு, துண்டுல தேச்சுக்கிட்டுக் குடுத்துருவாரு. ஒரு கிள்ளு கிள்ளினதில்ல, பெரியம்மா."

அவருக்குச் சாட்சி சொல்லி, அவர்மேல் இருந்த பழியைத் துடைத்துவிட்ட பெருமிதத்தில் நின்றேன். பெரியம்மா அந்தச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூல் கட்டினபடியே இருந்தது. இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இது வத்தாதுன்னு மொதல்லேருந்தே தெரிஞ்சிருக்கு இந்த மனுசனுக்கு" என்றாள்.

பிறகு அழுதாள். அவரை எடுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. ஒரு தப்பும் செய்யாத மனுஷரை அத்தனை நாள் திட்டிவிட்டோமே என்று அழுகிறாளாக்கும் என்று நினைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவி, "அவரு கோவிச்சுக்கல பெரியம்மா, சிரிச்சுக்கிட்டேதான் தேச்சுக்குவாரு" என்று சமாதானம் சொன்னேன்.