கேஜைத் தள்ளக் கூடாது

புணேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் கார் பிரேக்குக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் உட்கார்ந்திருப்பவர் சின்னதுரை. துளை போட்ட உலோகத் துண்டுகள் தட்டுத் தட்டாக அவர் மேஜைக்கு வரும். துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு பிளக் கேஜ் என்று ஒரு எஃகுக் கருவி உண்டு. அதன் ஒரு முனைக்கு 'கோ' என்று பெயர், அது துளைக்குள் இறங்க வேண்டும். மறு முனை மயிரிழை பருமன் கூடியது. அது 'நோ கோ', இறங்கக் கூடாது. இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தால்தான் பாகம் பாஸ்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் இந்தியில் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான். கேஜ் தன் எடையிலேயே இறங்க வேண்டும், ஜபர்தஸ்தி கூடாது. தள்ளினால் துளையும் கெடும், கேஜும் கெடும். இதை அவர் சொல்லிச் சொல்லி, கேன்டீனில் கூட வேலை பார்க்கிற சலீம் இட்லியைச் சட்னியில் அமுக்கும்போதுகூட "ஜபர்தஸ்தி நஹி பாய்" என்று அவரைப் போலவே குரலை மாற்றிச் சொல்லிச் சிரிப்பான். சின்னதுரையும் சிரித்துவிடுவார். ஆள் சிடுமூஞ்சி இல்லை. சிரிப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா பக்கத்துத் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவர். சின்னதுரை பிறந்ததும் படித்ததும் அங்கேதான். மனைவி பவுன் மட்டும் நாங்குநேரிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பேச்சை விடாமல் வைத்திருக்கிறாள். ஒரே மகன் மனோஜ் பெங்களூரில் வேலை. அவனுக்குக் குழந்தை பிறந்தபோது, மருமகள் ஆபீஸ் போக வேண்டுமே என்று, ரெண்டு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பவுன் போனாள். அந்தக் குழந்தை இப்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எல்கேஜி போகிறது. பவுன் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

யாரைக் குற்றம் சொல்வது? மகனும் மருமகளும் கெட்டவர்கள் இல்லை. குழந்தை பாட்டியிடம்தான் சாப்பிடும். இவருக்கோ ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருக்கிறது. எல்லாம் நியாயம்தான். நியாயத்தைக் கட்டிக்கொண்டு தூங்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

தினமும் சாயங்காலம் போன் வரும். கேள்வி மூன்று. "சாப்ட்டியளா? பிரஷர் மாத்திரை போட்டியளா? கேஸை மூடுனியளா?" மூன்றுக்கும் சின்னதுரை "ம்" என்பார். பின்னால் பேரன் கத்துவான். "இந்தா வாரேன்டா" என்று பவுன் போனை வைத்துவிடுவாள். அந்த "ம்"மை ஒரு தடவை பதிவு செய்து வைத்துக்கொண்டால்கூடப் போதும், ஆளே வேண்டாம்.

அப்படி இருந்த ஒருநாள், போனில் எதையோ தேடப் போய் ஒரு கட்டுரையில் விழுந்தார். சிறுநீர்ப் பாதைக்குள் விடுகிற மெல்லிய கம்பி ஒன்று உண்டு, அதை 'சவுண்ட்' என்பார்கள், அந்தக் காலத்தில் டாக்டர்கள் பாதையைத் திறக்க வைத்திருந்தது, இப்போது பெரியவர்கள் சிலர் சுகத்துக்காகவும் வைத்துக்கொள்கிறார்கள் என்று போட்டிருந்தது. முதலில் "சீ" என்று போனை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். ஐம்பத்தொரு வயது மனிதருக்கு இது என்ன ஆசை என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டார். உடம்பு என்று ஒன்று தனக்கு இருக்கிறதா என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது அவருக்கு. யாரும் தொடாத உடம்பு அது.

ஆனால் ஆள் இன்ஸ்பெக்டர் அல்லவா? கண்டதை வாங்கிவிட மாட்டார். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததை எல்லாம் ஒதுக்கினார். என்ன பொருளால் செய்தது என்றே போடவில்லை, அதைப் போய் உடம்புக்குள் விடுவதா? ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிற தரத்துச் சிலிக்கோன் என்று சொல்லி, அதற்குச் சோதனைச் சான்றும் காட்டிய கடையைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அடிப்பக்கம் அகலமாக இருக்கிறதா என்று பார்த்தார். இல்லாவிட்டால் முழுக்க உள்ளே நழுவிவிடும், பிறகு ஆபரேஷன்தான். ரொம்ப மெல்லியது பத்திரம் என்று அவர் நினைத்திருந்தார். அதுதான் குத்தும், ஆபத்து என்று படித்துத் திருந்தினார்.

பார்சல் வந்த அன்று, அவர் குடியிருந்த ஃபிளாட் சொசைட்டியின் வாட்ச்மேன் சுனில், கேட்டிலிருந்தே "காகா, பார்சல் ஆலய்!" என்று மராத்தியில் கத்தினான். சின்னதுரை ஓடிப் போய் வாங்கினார். பெட்டியின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "மிக்சர் ஜார்" என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் படியேறினார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

பெட்டிக்குள் பல அளவில் இருந்தன. வீட்டில் முதல் வேலையாக ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நுனியிலிருந்து அடி வரை விரலால் தடவினார். அச்சு சேர்ந்த இடத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். இல்லை. கொதிக்க வைக்கப் புதுப் பாத்திரம் ஒன்று வாங்கினார். மெடிக்கலில் ஒரு தடவைக்கு ஒன்று என்று உடைத்துப் பயன்படுத்தும், கிருமி நீக்கிய ஜெல்லி வாங்கினார். தண்ணீர் கலந்த வகை, ஏனென்றால் சிலிக்கோன் ஜெல்லி சிலிக்கோனையே அரித்துவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அவசரப்படாமல் இருப்பது, எங்கே தடுத்தாலும் அங்கேயே நிறுத்துவது, வலித்தால் வெளியே எடுத்துவிடுவது, முடிந்ததும் சிறுநீர் கழிப்பது, ரத்தமோ காய்ச்சலோ கண்டால் டாக்டரிடம் ஓடுவது. எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடிப்படை விதி அவருக்குப் பழையதுதானே, தன் எடையில் இறங்க வேண்டும், தள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அப்படிக் கழிந்தன. அதில் அவருக்குக் கிடைத்தது என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சுகமும் இருந்தது. அதைவிட, ஒரு மணி நேரம் யாரோ தன்னைப் பொறுமையாக, பக்குவமாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அந்த யாரோவும் தான்தான் என்பது முடிந்த பிறகு ஞாபகம் வரும். வந்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டீ போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். கீழே லோக்கல் ரயில் போகும்.

கணபதிப் பண்டிகைக்குப் பவுன் வருவதாக இருந்தது. சின்னதுரை மெத்தை உறையை மாற்றினார், அவளுக்குப் பிடித்த பாக்கர்வடி வாங்கி டப்பாவில் போட்டு வைத்தார். புறப்பட வேண்டிய நாளன்று போன் வந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சலுங்க. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டான் மனோஜு. தீவாளிக்குப் பாப்போம். கேஸை மூடுனியளா?"

"ம்."

மறுநாள் ஞாயிறு. கீழே சொசைட்டி மண்டபத்தில் ஆரத்தி, ஊரே கூடி நிற்கிறது. மேலே இவர். வழக்கமான அளவு இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக ஒரு முனை இறங்கினால் மறு முனையையும் வைத்துப் பார்த்த கை அது. 'கோ' ஆனதும் 'நோ கோ' பார்க்காமல் தட்டைத் தள்ளிவைத்ததே இல்லை. பெட்டியில் அதுவரை தொடாமல் கிடந்த பெரியதை எடுத்தார். ஜெல்லி தீர்ந்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டார், கேஜுக்கு ஒரு பூச்சு எண்ணெய் போடுகிற அதே கை. அது இறங்கவில்லை. மேஜையில் என்றால் "பாஸ்" என்று அந்தப் பக்கம் வைத்திருப்பார். அன்றைக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. தள்ளினார்.

ரத்தம் வந்தது. சாயங்காலம் சிறுநீர் எரிந்து எரிந்து சொட்டாக வந்தது. மறுநாள் காலையில் குளிர்க் காய்ச்சல். ஆட்டோவில் போகும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இந்தியில் மனப்பாடம் செய்துகொண்டே போனார். இந்தியில் சொல்லிவிடலாம். அது வெளி பாஷை, கடையிலும் பஸ்ஸிலும் பேசுவது. யாரோ ஒருத்தனுக்கு நடந்த மாதிரி இருக்கும்.

யூராலஜி டாக்டர் பெயர் கிருஷ்ணப்ரியா. சீட்டில் பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "தமிழா சார் நீங்க? நான் சென்னை. இங்க தமிழ் பேச ஆளே கிடைக்கறதில்ல. சொல்லுங்க, என்ன பண்ணுது?"

போயிற்று. தமிழில் அதற்கு அவருக்கு வாய் வரவில்லை. தமிழ் என்றால் வீடு, அம்மா, பவுன். "பைக்குல இருந்து விழுந்துட்டேன் மேடம்" என்றார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சார், விழுந்த அடி இப்படி இருக்காது. நான் அதை நம்பி ட்ரீட்மென்ட் பண்ணா தப்பாயிடும். உள்ள எதாவது விட்டீங்களா? நிறைய பேர்கிட்ட கேக்கற கேள்விதான்."

சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டு "ஹா ஜி" என்று இந்தியிலேயே ஒத்துக்கொண்டார்.

"சரி. முழுசா வெளிய வந்துச்சா? உடைஞ்சு எதாவது உள்ள தங்கியிருக்கா?"

"இல்ல மேடம். அடி அகலமான மாடல். சிலிக்கோன்." பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், கொதிக்க வைத்ததிலிருந்து ஜெல்லி வரை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இவ்வளவு தெரிஞ்சவர், அப்புறம் எப்படி?"

"அன்னைக்கு மனசு சரியில்ல."

"இனிமே காயம் ஆறி நான் சொல்ற வரைக்கும் எதுவும் கூடாது. என்னைக் கேட்டா அதுக்கப்புறமும் வேணாம்னுதான் சொல்லுவேன். நீங்க கேக்கலேன்னா, மனசு சரியில்லாத அன்னைக்குத் தொடாதீங்க, அதையும் உங்க விதில சேத்துக்கங்க." கேமரா விட்டுப் பார்த்து, மெல்லிய குழாய் ஒன்று பொருத்தி, காயம் ஆறும் வரை வைத்திருக்க வேண்டும் என்றாள். மயக்க மருந்து உண்டு. "கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல."

"வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கணுமே சார்."

சலீமைக் கூப்பிட்டால் ஓடி வருவான். ஓடி வந்து, என்ன ஆச்சு என்று கேட்பான். வராந்தாவில் ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பவுனைக் கூப்பிட்டு, ஒண்ணுக்குப் போகிற பாதையில் சின்ன ஆபரேஷன், வர முடியுமா என்று மட்டும் கேட்டார். அவள் பிள்ளையைப் பற்றியோ டிக்கெட்டைப் பற்றியோ பேசவில்லை. "வாரேன்" என்றாள். ஒத்தையாக நாங்குநேரி பஸ்ஸில்கூட ஏறாதவள், மனோஜ் பிளேனில் ஏற்றிவிட, பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "பைக்குல எப்படி விழுந்திய?" என்றாள். நர்ஸிடம் சின்னதுரை அப்படித்தான் சொல்லியிருந்தார், அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

டாக்டர் வாயைத் திறக்க மாட்டாள், அதை முன்பே சொல்லிவிட்டாள். "ம்" என்று ஒரு வார்த்தை போதும். வாழ்நாள் முழுக்க பைக்கிலிருந்து விழுந்தவராகவே இருந்துவிடலாம். பவுன் காறித் துப்பிவிட்டுப் போகாமல் இருப்பதற்கு அதுதான் வழி. ஆனால் நெற்றியில் அந்தக் கை இருந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு இருந்தது.

"பைக்குல விழலட்டி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, தமிழில், ஒன்று விடாமல் சொன்னார்.

கை நெற்றியிலிருந்து விலகியது. அவள் எழுந்து போய்விட்டாள் என்றே நினைத்தார். கண்ணைத் திறந்தபோது அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு.

"எந்தப் பாத்திரத்துல கொதிக்க வச்சிய?"

"தனியா வாங்குனேன். மேல் செல்ஃபுல இருக்கு."

"என் பால் சட்டியத் தொடலல்லா?"

"இல்ல."

பவுன் தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள். சத்தமில்லாமல், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். "தெனமும் போன் போடுதேன். கேஸை மூடுனியளான்னுதான் கேட்டேன்" என்றாள்.

குழாயை எடுக்கும் வரை இருந்தாள். பருப்பு ரசமும் அவியலும் செய்து போட்டாள். டப்பாவிலிருந்த பாக்கர்வடி நமுத்துப் போயிருந்தது, அதையும் தின்றாள். பிறகு மருமகளுக்கு லீவு முடிந்தது, பேரன் போனில் அழுதான், போக வேண்டியதுதான். புணே ஸ்டேஷனில் ரயிலில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவரைக் கிட்டே கூப்பிட்டாள். "அந்தப் பெருசத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். "மத்ததெல்லாம் பெட்டியிலதான் இருக்கு. டாக்டரம்மா சொன்னதக் கேளுங்க." ரயில் நகர்ந்தது.

மறுநாள் வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு பழையபடி கிடந்தது. அவள் வைத்துவிட்டுப் போன ரசம் ஃபிரிட்ஜில் இருந்தது. அதைச் சுட வைத்துச் சாப்பிட்டார். போன் வந்தது.

"சாப்ட்டியளா?"

"ம்."

"மாத்திரை போட்டியளா?"

"ம்."

"கேஸை மூடுனியளா?"

"ம்."

பின்னால் பேரன் கத்தினான். சின்னதுரை போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார். அவள் வைக்கவில்லை.

"ஏங்க. ஒத்தையில இருக்கது ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

வாயில் "ம்" தயாராக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. "ஆமா பவுனு" என்றார். "ரொம்பக் கஷ்டமா இருக்கு."

பெங்களூரில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பேரனின் குரல் அந்தப் பக்கம் போய்விட்டது. பவுன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. இத்தனை பேரு இருக்க வீட்டுல."