அம்மா போட்ட லைட்

வீட்டில் இருந்தது அப்பாவும் நானும்தான். அம்மா குவைத்தில், ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தா. அண்ணன் எங்கே என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

பாரிசவாதம் வந்து அப்பாவின் இடது பக்கம் விழுந்திருந்தது. வந்தாறுமூலைக் கம்பஸில் வகுப்பு முடிந்து, சோதனைச்சாவடி வரிசையில் நின்று, நான் வீடு சேர இருட்டிவிடும். ஒருநாள் அவர் ஒற்றைக் கையால் விளக்குக் கொளுத்தப்போய்ப் பாய் எரிந்தது. இன்னொருநாள் சுவிட்சைத் தேடி எழும்பி விழுந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான், ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மா அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டா. பல்ப் மாட்டும் ஹோல்டர் ஒன்று, விரல் நீளத்தில் ரிமோட் ஒன்று. படுத்தபடியே அமத்தினால் லைட் எரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். உள்ளே இருந்த ஆங்கிலத் தாளை அப்பாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன். ஈரக்கையால் தொடக்கூடாது. பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது. அருகில் இதேபோல இன்னொன்று இருந்தால் உள்ளேயுள்ள சின்னச் சுவிட்சுகளை மாற்றவேண்டும். கடைசியை வாசித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரில் இன்னொன்று யாரிடம் இருக்கப்போகிறது?

சில நாளில், ரிமோட் மேசையில் கிடக்க, பொழுதுபட்ட நேரம் லைட் தானாக எரிந்தது.

"உங்கம்மா அங்கயிருந்து அமத்துறா மனே," என்றார் அப்பா. "நான் சாப்பிட்டனா எண்டு பாக்கிறா."

விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் சுவர் பாதிவரை கல், மேலே கிடுகு. கிடுகுக்குள்ளால் வெளிச்சம் வாவிக்குப் போகும். வாவிக்கு அங்கால் ஆமிக்காம்ப். ஒரு பின்னேரம் லைட் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, நிற்கவேயில்லை. மறுநாள் சாவடியில் என் அடையாள அட்டையை ஆமிக்காரன் கையிலேயே வைத்திருந்தான்.

"தண்ணிப் பக்கம் வீடு உங்கட? லைட் போடுது, நிப்பாட்டுது. யாருக்கு?"

"அப்பாக்கு வருத்தம், எழும்ப ஏலாது," என்றேன்.

"இனி வேணாம்."

அட்டை திரும்பிவந்தது. திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தன.

ஹோல்டரைக் கழற்றி வைத்தேன். மறுநாளும் பிந்தித்தான் வந்தேன். அப்பா இருட்டில், நனைந்த பாயில் கிடந்தார். உடுப்பை மாற்றிவிட்டு ஹோல்டரைத் திரும்ப மாட்டினேன். அது இருந்தால் எனக்கு ஆபத்து, இல்லாவிட்டால் அவருக்கு. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், டவுனுக்குப் போய் ஒரு கடையிலிருந்து அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"லைட் எரியுதா மனே?"

"நல்லா எரியுது."

"மத்தவள்ற வீட்டிலயும் நல்லா எரியுதாம்."

"ஆரம்மா மத்தவள்?"

"என்னோட வந்தவள்தான். ரெண்டு பேரும் ஒரே கடையிலதான் வாங்கின. சோடியா எடுத்தாக் குறைச்சுத் தாறன் எண்டான்."

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா மீன் விலை கேட்டா, என் செருப்புக் கேட்டா, அங்கே மழையே இல்லை என்றா. நிமிசத்துக்கு நிமிசம் காசு ஏறியும், போனை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவோடு போனவவின் வீடு எங்கள் பின்வேலிக்கு அங்கால்தான். போய்க் கேட்டதும் அவவின் புருசன், ரிமோட்டோடு விளையாடிக்கொண்டிருந்த மகளைக் காட்டினார்.

"பின்னேரமானா இவள்ற வேலை இதுதான். நடுச்சாமத்தில எங்கட லைட் தானா எரியுது எண்டு நாங்க பேய்க்குக் கழிப்புக் கழிச்சம். ஒரு சேவலும் போயிட்டு."

"அந்தப் பேய் எங்கப்பாதான்," என்றேன்.

அவர் ரிமோட்டை வாங்கிக் கூரைவளையில் சொருகினார். வீட்டுக்கு வந்து, மெயின் சுவிட்சை அணைத்து, எங்கள் ஹோல்டரிலும் ரிமோட்டிலும் ஒரே சின்னச் சுவிட்சை ஊசியால் தள்ளி மாற்றினேன். அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு கிடந்தார்.

அடுத்த நாள் வெள்ளனவே, பொழுதுபட்டதும் வந்தேன். வீடு இருட்டு. அப்பாவின் கையில் ரிமோட் இருந்தது.

"ஏன் போடல்ல?"

"தானா எரியுமோ எண்டு சும்மா பாத்துக்கிடந்தன்."

நான்தான் வாங்கி அமத்தினேன். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்கம்மாவோட கதைச்சதுக்கு எவ்வளவு முடிஞ்சுது மனே?"

"அறுநூற்றி நாற்பது ரூவா."