படி இல்லாத கண்ணாடிக் கதவு

இது நடந்தது. கேட்ட கதைக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டுதான். இந்த ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. அமலி எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்கிறேன். அவள் சென்னையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். எதையும் லேசில் நம்ப மாட்டாள். பேய் என்றால் நடுராத்திரிதான், அதுவரை பயமில்லை என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது விளக்கு வைக்கிற நேரத்தில் நடந்தது. தஞ்சாவூரில், போன வருடம் ஆவணியில்.

அமலியின் தம்பி ரெஜினுக்குக் கல்யாணம். மறுநாள் காலை மாதா கோயிலில் கல்யாணப் பூசை. தம்பி வீட்டில் அதிராம்பட்டினத்துச் சொந்தம், முத்துப்பேட்டைச் சொந்தம் என்று கால் வைக்க இடமில்லை. அமலியின் நான்கு வயதுப் பெண் சான்ட்ராவுக்கு ரயிலிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் காய்ச்சல் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? அவள் கணவன் ரெமிஜியஸ் போனிலேயே தேடி, மருத்துவக் கல்லூரிச் சாலையைத் தாண்டி ஒரு காலனியில் இரண்டு நாளைக்கு ஒரு ஃப்ளாட் பிடித்தான். தரைத்தளம், ஏசி, சமையலறை எல்லாம் உண்டு.

நேரில் பார்த்தால் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தெரு முழுக்கப் புங்கமரமும் வேம்பும். வெயில் தரையில் விழவே இல்லை. சாவி கொண்டுவந்தவர் மதிவாணன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறாராம், அவருடைய கூட்டாளி இவர். ஹாலைக் காட்டினார், குழாயைத் திறந்து காட்டினார். படுக்கையறைக்கு வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டார். ஏசி ரிமோட்டைக் கையை மட்டும் உள்ளே நீட்டிக் கொடுத்தார்.

அந்த அறையில் கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. திறந்தால் தோட்டம். ரெமிஜியஸுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அமலிக்கு மட்டும் ஏதோ இடித்தது. கதவைச் சுற்றிச் சிமென்ட் பூச்சு புதிதாக இருந்தது, பெயிண்ட் மற்ற சுவரோடு ஒட்டவில்லை. கதவுக்கு வெளியே படி கிடையாது. முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண்தரை, அவ்வளவுதான். படி எங்கே என்று அவள் கேட்டாள்.

"இனிமேதாங்க கட்டணும்" என்றார் மதிவாணன். தண்ணீர் கேன் சாயங்காலம் கொண்டுவந்து போடுவதாகச் சொல்லிவிட்டு, பின்னால் நாய் துரத்துவது போலக் கிளம்பிப் போனார்.

ஐந்து மணிக்கு ரெமிஜியஸ் கல்யாண மண்டபத்துக்குப் போனான். சமையல்காரர்களை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். சான்ட்ரா மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் தூங்கினாள். அமலி கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. திரையை இழுத்துவிட்டாள்.

ஆறே கால் இருக்கும். கரண்ட் போனது.

ஏசி நின்றதும் வீடு கப்பென்று அடைத்துக்கொண்டது. அமலி காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தாள். சமையலறையில் போன் வெளிச்சத்தில் பிள்ளைக்குக் கஞ்சி வைத்தாள். கஞ்சி கொதித்து வருகிற நேரம்...

டொக். டொக்.

யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, பொறுமையாக.

டொக். டொக்.

தண்ணீர் கேன் வந்துவிட்டது என்று நினைத்தாள். கையில் கரண்டி, அடுப்பில் கஞ்சி. நம் ஊரில் யார் என்று பார்த்துவிட்டா வாங்க என்கிறோம்? வாசலில் ஆள் அரவம் கேட்டாலே வாய் தானாகச் சொல்லிவிடும். திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

"உள்ள வாங்க... கதவு தெறந்துதான் இருக்கு."

தட்டுவது நின்றது.

யாரும் வரவில்லை. கேன் இறக்கும் சத்தமும் இல்லை. அமலி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். வாசல் கதவு அவள் திறந்து வைத்தபடியே ஆவென்று கிடந்தது. வெளியே தெருவில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திறந்து கிடக்கிற கதவை எப்படித் தட்ட முடியும்?

சத்தம் மரத்தில் தட்டிய சத்தமே இல்லை. கண்ணாடியில் தட்டியது.

எனக்குப் பயமே கிடையாது என்று பெருமையடிக்கிறவள்தான் அமலி. அந்த நேரம் பயந்தாள். படுக்கையறையிலிருந்து சான்ட்ராவின் தூக்கக் கலக்கக் குரல் கேட்டது.

"அம்மா... தள்ளிப் படுக்கச் சொல்றாங்க."

அமலி ஓடினாள்.

போன் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கண்ணாடிக் கதவு. முழுக்கத் திறந்திருந்தது. வெளியே புங்கமரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே, அவள் இழுத்துவிட்ட திரை ஒரு பக்கமாக ஒதுங்கி, அசையாமல் கிடந்தது.

அடுத்தது வாடை. பினாயில், மூத்திரம், அதற்கு அடியில் புண் அழுகுகிற வாடை. ஆஸ்பத்திரி வாடையெல்லாம் அவளுக்குப் பழக்கம். வருடக் கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வாடை அது.

சான்ட்ரா கட்டில் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தாள். மெத்தையின் நடுவில் யாரும் இல்லை.

ஆனால் மெத்தை பள்ளமாக இருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு.

பள்ளம் இன்னும் கொஞ்சம் அகன்றது. சான்ட்ரா இன்னும் கொஞ்சம் விளிம்புக்கு வந்தாள்.

"யாரும்மா தள்ளுறா?" அமலி கிசுகிசுத்தாள்.

"இவங்க."

பிள்ளை பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

அமலி பாய்ந்து அவள் வலது கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வரவில்லை. அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது.

ஒரு பிடி. எலும்பாய், உலர்ந்த பிடி. அமலிக்குத் தன் கையிலேயே அது தெரிந்தது.

"அம்மா... வலிக்குது..."

அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். நாள் தவறாமல் சொல்கிற ஜெபம். அடுத்த வார்த்தை வாயில் வரவில்லை.

மெத்தை முனகியது. நாக்குத் தடித்த குரல் ஒன்று, அவள் காதுக்குப் பக்கத்தில்...

"எந்திரி."

"என் எடம்."

இழுத்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்...

பிள்ளை கையோடு வந்தாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் அமலி மூச்சு விட்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

கரண்ட் வந்தது. ஃப்ளாட்டின் எல்லா விளக்கும் எரிந்தன. படுக்கையறை விளக்கு மட்டும் எரிந்து, உடனே அணைந்தது. யாரோ தூங்குவதற்காக அணைத்தது மாதிரி.

ரெமிஜியஸுக்குப் போன் போட்டாள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றான். அதுவரை அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை. எதிர்வீட்டின் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் அகிலாண்டம் என்று பிறகு தெரிந்தது. அமலி அங்கே போய்ப் பிள்ளையை இறக்கிவிட்டு, வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நடந்ததை உளறிக்கொட்டினாள்.

அகிலாண்டம் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அமலிக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் சொன்னது இது. அந்த வீட்டில் இருந்தது வீட்டுக்காரரின் அக்கா அமிர்தம். பக்கவாதம். பார்த்துக்கொள்ள வைத்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அமிர்தம் படுத்தபடியே சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். சத்தம் இந்த வீடுவரை கேட்கும். யாரும் போகவில்லை. இதைச் சொல்லும்போது அகிலாண்டம் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"அவிட்டத்துல போனாங்கம்மா. ஆறு மாசம் அடைப்பு. அந்த நட்சத்திரத்துல போனவங்களை வாசல் வழியா எடுக்கக் கூடாது. சுவரை இடிச்சு அது வழியாத்தான் எடுத்தாங்க. போனவங்க போன வழியாத்தான் திரும்பி வரப் பார்ப்பாங்கன்னு, அந்தச் சுவரை உடனே அடைச்சிருவாங்க. வீட்டையும் அந்த ஆறு மாசம் பூட்டிப் போட்டிருவாங்க."

அமலிக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவள் சொந்தத்தில் யாருக்கும் நட்சத்திரம் பார்க்கும் வழக்கமில்லை.

"சிங்கப்பூர்லேர்ந்து வந்த அவங்க தம்பிக்கு லீவு இல்ல. இடிச்ச இடம் சும்மா கெடக்குதேன்னு கதவு வச்சு, ரெண்டே மாசத்துல வாடகைக்கு விட்டுட்டாரு."

இதுவரை வந்து தங்கினவர்கள் எல்லோருக்கும் தட்டுகிற சத்தம் கேட்டதாம். யாரது என்று அதட்டியிருக்கிறார்கள், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அதோடு சரி. கதவு ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

"நீங்க ஏதும் சொன்னீங்களா?"

அமலி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு தெரிந்த மனுஷி, காய்ச்சல் பிள்ளையைத் தெருவில் நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாளே. உள்ளே வந்து உட்காரலாமா என்று வாய்விட்டே கேட்டாள். அகிலாண்டம் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார்.

"உங்களை வாங்கன்னு சொல்லத் தெரியாம இல்லம்மா. என்னால சொல்ல முடியாது. புள்ளையோட அந்தக் கையைப் பாருங்க."

அமலி குனிந்து பார்த்தாள். சான்ட்ராவின் வலது கை அவள் பிடியில் இருந்தது. இடது கை, பக்கத்தில் காற்றில் தூக்கி நின்றது. ஒரு பெரிய ஆளின் கையைப் பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன.

அமலி அந்தக் கையைக் கீழே இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை.