எல்வீராவுக்குக் கேட்காத பாம்பு

எல்வீரா கின்டானா பாலைவனத்தை ஒட்டிய டூசான் நகரில் இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அதை விட்டபின், மலையடிவார ஹோட்டலுக்கு மாநாட்டுக்கு வருகிறவர்களை விடிகாலையில் பாலைவனத்துக்குள் நடக்கக் கூட்டிப்போனாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி, எட்டரை மணிக் கூட்டத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

ஒன்றரை வருடமாக அவளுக்குக் காது சரியில்லை. கிட்ட நின்று பேசினால் கட்டைக் குரல் கேட்கும். குருவிச் சத்தமும் போன் மணியும் எப்போதோ நின்றுபோயின. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாராவது பேசுவதாகத் தோன்றினால் திரும்பி உதட்டைப் பார்ப்பாள், புரியாவிட்டால் சிரித்துவைப்பாள்.

ஏப்ரலில் ஒருநாள் நெப்ராஸ்காவிலிருந்து பயிர்க் காப்பீட்டு ஆட்கள் பதினோரு பேர் வந்தார்கள். கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தக் கள்ளிக்கு இன்ஷூரன்ஸ் போடலாமா, எல்வீரா?" என்றார் டக் என்ற தடித்த மனிதர்.

"போடலாமே. கையெழுத்து வாங்க நீங்கதான் அதைக் கட்டிப்பிடிக்கணும்."

மேட்டில் ஏறும் பாதையின் இரண்டாவது வளைவில் யாரோ அவள் முதுகுப்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். பொத்தென்று உட்கார்ந்தாள். இழுத்தவள் மார்லிஸ் என்ற நெட்டைப் பெண்மணி. அவள் கை நீட்டிய இடத்தில், எல்வீராவின் அடுத்த அடி விழுந்திருக்க வேண்டிய இடத்தில், கிலுகிலுப்பைப் பாம்பு சுருண்டு கிடந்தது. மற்றவர்கள் அதன் வால் கிலுகிலுக்கும் சத்தத்தில் அப்படியே உறைந்து நின்றார்கள். எல்வீராவுக்கு வால் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது.

எழுந்து எல்லோரையும் பின்னுக்கு நகர்த்தி, தூரமாகச் சுற்றிக் கூட்டிப்போனாள். "நீங்க முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மார்லிஸைத் தவிர.

இறங்கும்போது மார்லிஸ் பக்கத்தில் வந்து, முகம் தெரியும்படி நடந்தாள்.

"உங்களுக்கு அது கேக்கல."

"கேட்டுச்சு."

"பேர் சொல்லி ரெண்டு தடவை கத்தினேன். அதுவும் கேட்டுச்சா?"

எல்வீரா நடையை வேகப்படுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரரும் ஆறு வருஷம் இப்பிடித்தான் சமாளிச்சார். டிராக்டர் ஓட்டி ஓட்டிக் கெட்ட காது. எதுக்கும் தலையாட்டிடுவார். ஒருநாள் 'உங்கள விட்டுட்டுப் போறேன்'னேன். அதுக்கும் 'சரிம்மா'ன்னார்."

எல்வீராவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

"அது எங்கள்ல ஒருத்தரக் கடிச்சிருந்தா?" கோபமில்லாமல்தான் கேட்டாள் மார்லிஸ். அதுதான் எல்வீராவுக்குத் தாங்கவில்லை.

அவர்களை ஹோட்டலில் விட்டதும் எல்வீரா நேராக ரேயிடம் போனாள். நடைகளை ஏற்பாடு செய்கிறவன் அவன்தான். எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லிமுடித்தாள்.

ரே ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "முதுகுப் பக்கமா நின்னு கூப்பிட்டா நீ திரும்பவே மாட்ட. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"ஒன்றரை வருஷமாவா?"

"நீ கோவக்காரியாச்சே!"

ஆனாலும் காதுக் கருவி வரும்வரை முன்னால் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். நியாயம்தான் என்று தெரிந்தும் அவளுக்கு வலித்தது. வேறொருவர் வழிநடத்த, மூச்சுவாங்கிப் பின்தங்குகிறவர்களோடு கடைசியில் நடந்தாள்.

கருவி வந்த முதல் நாள் தன் பூட்ஸ் சரளைக்கல்லில் நெரிபடும் சத்தமே அவளுக்குத் தாங்கவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டாள். பத்தடி நடந்து, திரும்ப மாட்டிக்கொண்டாள். ரே அவளுக்குப் பின்னால் நின்று மூன்று நாள் காலையில் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவள் முன்னால் போகச் சம்மதித்தான்.

செப்டம்பர் கடைசியில் பல் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றோடு மறுபடி முன்னால் நடந்தாள். மேட்டில் ஏறும்போது பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள்: "இந்தம்மா நம்மளக் கொன்னுதான் விடும்போல."

எல்வீரா திரும்பாமலே சொன்னாள்: "இன்னும் கால் மணிநேரம்தான். அதுவரைக்கும் சாகாம வாங்க."