பொருட்காட்சியில் எனக்குக் கிடைத்த ரத்த வகை

விழுப்புரம் பொருட்காட்சிக்கு நான் போனது களையெடுக்கும் இயந்திரம் பார்க்க. வாங்க இல்லை, பார்க்கத்தான். திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில் இருபத்தெட்டு வருடமாக ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறவன் நான். படிப்பு பத்தாவதோடு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது.

இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் ஆள் சாப்பிடப் போயிருந்தார். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் ஒரு சேவைச் சங்கம் பந்தல் போட்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர், எல்லோருக்கும் மஞ்சள் பனியன். அவர்கள் செய்த சேவையை அரை மணி நேரம் தள்ளி நின்று பார்த்தேன். ஒருத்தி கைப்பேசிக்கு முன்னால் ஆடினாள். இரண்டு பேர் அப்பளம் தின்றார்கள். சங்கத் தலைவர் பட்டு வேட்டியில் வந்து, காலையில் வெட்டிய ரிப்பனையே முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டினார். முதல் தடவை போட்டோ சரியாக விழவில்லையாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டுவதில் மட்டும் நல்ல பயிற்சி.

"அங்கிள், ஃபார்ம் ஃபில் பண்ணா சக்கரம் சுத்தலாம். கிஃப்ட் உண்டு" என்று ஒரு பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலுக்கான படிவம் அது. பெயர், ஊர், போன் நம்பர் சொன்னேன்.

"பிளட் குரூப் இன்னா அங்கிள்?"

எனக்குத் தெரியாது. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது அதைச் சொல்ல வெட்கம். தலையைச் சொறிந்தேன்.

"டேய், ஓ நெகட்டிவ்ல ஒண்ணுகூட இல்லடா. தலைவரு பார்த்தா பேஜாராயிடும்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"அங்கிளுக்குப் போடு. பார்த்தாலே ரேர் பீஸ் மாரிதான இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சக்கரத்தைச் சுற்றியதில் இதய வடிவச் சாவிக்கொத்து ஒன்று கிடைத்தது.

நாலு மாதம் கழித்து, கடையில் கீல் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, நெட்டுல ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட்ல உங்க நம்பரு இருக்குது. நாளைக்குக் காலைல என் தங்கச்சிக்கு ஆபரேஷன். ஓ நெகட்டிவுக்கு ரெண்டு நாளா அலைஞ்சுக்கினு இருக்கேன். விழுப்புரம் வர்றீங்களாண்ணே?"

எனக்கு என்ன வகை என்றே தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. பட்டியலிலேயே ஏறிவிட்டதே, படித்த பிள்ளைகள் எழுதியதாயிற்றே, ஒருவேளை உண்மையாகவே இருக்குமோ என்று தோன்றியது. இந்த முட்டாள்தனத்தில் என் பங்கை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

"வர்றேங்க" என்றேன்.

"நீயா? ஆணி கீறினாலே அம்மான்னு கத்துவ. ரத்தம் குடுக்கப் போறியா?" என்று சிரித்தபடி முதலாளி அரை நாள் விடுப்புக் கொடுத்தார்.

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அந்த மனிதர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். வானூர் பக்கத்துக் கொத்தனார். முழங்கையில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. மாதுளை ஜூஸ் வாங்கி என் கையில் திணித்தார்.

"பாண்டிலருந்து ஒருத்தரு வர்றேன்னாருண்ணே. நீங்க பஸ் ஏறிட்டேன்னதும் வேணாம்னுட்டேன். எதுக்கு அவரையும் அலைய வெச்சுக்கினு?"

பாதி ஜூஸை அப்படியே வைத்துவிட்டேன்.

உள்ளே ஒரு பெண் என் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் சொட்டு வைத்துப் பார்த்தாள்.

"ஓ நெகட்டிவ்னு யாருங்க சொன்னது? நீங்க பி பாசிட்டிவ்."

பொருட்காட்சியில் சொன்னார்கள் என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

கொத்தனார் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். என்னால் கிளம்பவும் முடியவில்லை, அவர் பக்கத்தில் போய் உட்காரவும் முடியவில்லை. ஐந்தாவது முறை அந்த ஆள் எடுத்தார். சாயங்காலம் பைக்கில் வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். மஞ்சள் பனியன் இல்லை. ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கொத்தனாரே மறுநாள் போனில் சொன்னார். "அவ்ளோ தூரம் வந்தீங்களேண்ணே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருடம் அதே பந்தலுக்குப் போனேன். அதே பனியன், வேறு பிள்ளைகள்.

"என் பேரை எடுத்துடும்மா. குரூப்பு தப்பா இருக்குது" என்றேன் ஒரு பெண்ணிடம். இதைச் சொல்ல வீட்டிலேயே இரண்டு நாள் பழகியிருந்தேன்.

"அது சீனியர்ஸ் போட்டது அங்கிள். எங்ககிட்ட பாஸ்வேர்டு இல்ல. புதுசா ஒரு ஃபார்ம் ஃபில் பண்றீங்களா? சக்கரம் சுத்தலாம்."

"உனக்கு இன்னா குரூப்பு?"

"எனக்கா? டெஸ்ட் பண்ணதில்லயே அங்கிள்."

என் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதனால் தெரியாத நம்பர் எதுவாக இருந்தாலும் உடனே எடுக்கிறேன். ஹலோ சொல்லுவதற்குள் "நான் ஓ நெகட்டிவ் இல்லீங்க, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிடுகிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்களிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.