நெஞ்சளவு தண்ணீர்

முதலில் மரியரட்ணம் இறங்குவார். பிறகுதான் பிள்ளைகள். அவர் கையில் கூட்டுகிற தும்புத்தடி ஒன்று. அதன் பிடியில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு சிவப்புக் கோடு. யூலையிலும் குளிர் எலும்பைக் குத்துகிற டென்மார்க்கின் மேற்குக் கடலில் பத்தடிக்கு ஒருதரம் தடியை ஊன்றிப் பார்ப்பார், கம்பு நடுவார், கரையேறி வந்து பிள்ளைகளிடம் உயரம் கேட்பார். அதுகள் டெனிஸ் மொழியில் சொல்லும். "நூற்றிருபத்தாறோ? நீ முதல் கம்புக்கு அங்கால போகப்படாது."

வருடா வருடம் எங்கள் தமிழ்ச் சனத்தின் கோடை ஒன்றுகூடலில் இதே கூத்துத்தான். சமைத்த சோறு ஆறிப்போகும். இவர் அளந்து முடிக்கக் கோடை முடிந்துவிடும் என்று யாராவது நையாண்டி பண்ணுவார்கள். நானும் பண்ணியிருக்கிறேன்.

ஆறேகால் அடி மனிதர். வயது அறுபத்திரண்டு. மன்னாரில் வலை இழுத்தவர். ஹொல்ஸ்டெப்ரோ நீச்சல் மண்டபத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துப்புரவு வேலை. குளத்தின் ஓரத்தில் ஆழத்தை எண்ணில் எழுதி வைத்திருப்பதில் அவருக்கு அப்படியொரு மரியாதை. "விசயம் தெரிஞ்ச சனம், தம்பி. தண்ணிக்கு நம்பர் போட்டு வைச்சிருக்குதுகள்." காலையில் அந்த எண்களைத்தான் முதலில் துடைப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுநாடா. கையை விரித்து 'இவ்வளவு' என்று அவர் காட்டி நான் பார்த்ததே இல்லை. புது அலுமாரி கதவுக்குள்ளால் போகும்தானே என்று என் மனைவி ஒருநாள் பேச்சுக்குக் கேட்டாள். மனிதர் குடித்த தேநீரை வைத்துவிட்டு எழுந்துபோய் அளந்தார்.

காரணத்தைப் போன குளிர்காலத்தில்தான் சொன்னார். இருவரும் வேலைக்குப் போகிற வழி, காருக்குள், என் முகத்தைப் பார்க்காமல்.

தொண்ணூறுகளின் தொடக்கம், மன்னார். கரையோரத்து இராணுவ முகாம் ஒன்றைக் கடல் பக்கமாக அடிக்க இயக்கம் திட்டமிட்டது. இயந்திரச் சத்தம் கேட்காதபடி வள்ளங்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை நடந்து கடக்க வேண்டும். அந்தக் கடல் அறிந்தவர் என்று இவரைத் தேடி வந்து கேட்டார்கள். "நடக்கலாம், நெஞ்சளவு தண்ணிதான்" என்றார். பொய்யில்லை. எத்தனையோ தரம் நடந்திருக்கிறார், ஆனால் வெறும் மேலோடு. முப்பத்தாறு பேர் இறங்கினார்கள். பாதிப் பேர் அவருடைய தோளுக்குத்தான் வருவார்கள். முதுகில் சுமை வேறு. முகாமிலிருந்து வெளிச்சக்குண்டு போட்டுச் சுடத் தொடங்கியபோது அவர்களால் நிற்கவும் முடியவில்லை, நீந்தவும் முடியவில்லை. ஒன்பது பேர்தான் திரும்பினார்கள்.

பிறகு இயக்கத்திலிருந்து ஒருவர் கொப்பியோடு வந்து விசாரித்தாராம். குற்றம் சாட்டவில்லை. இனிமேல் ஆழத்தைக் கோலால் அளக்க வேண்டும், சுமையோடு ஓர் ஆளை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்.

"பாடம் எண்டு எழுதினவங்கள். அடுத்த முறை போனவங்களுக்கு உதவியிருக்கும். இவங்களுக்கு என்னத்துக்கு, தம்பி?"

நையாண்டி பண்ணின வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

என்னிடம் சொன்னவர், சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. அருமைநாயகி அக்கா இரண்டு வருடத்துக்கு முன் ஓகூஸ் நகரத்திலிருந்து இங்கே மகள் வீட்டோடு வந்துவிட்டார். அவருடைய தம்பி டானியல் அந்த முப்பத்தாறில் ஒருவன். பதினேழு வயது, உடல் கிடைக்கவில்லை. குண்டடிபட்டு உடனே போய்விட்டான் என்று யாரோ சொன்னதை முப்பது வருடத்துக்கு மேலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், முழுதாக நம்பாமலே. மரியரட்ணம் அந்தக் கரைக்காரர் என்று அறிந்த நாளிலிருந்து அவரிடம் கேட்கப் பார்க்கிறார். இவரோ தேவாலயத்தில் பூசைக்குப் பிந்தி வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன் எழும்பிவிடுவார். "சொன்னா அந்தப் பிள்ளை என்ர முகத்தில முழிக்காது. சொல்லாட்டி நான் அதின்ர முகத்தில முழிக்கேலாது."

போன மாதம் தமிழ்ப் பூசை முடிந்து, கோப்பி குடிக்கிற மண்டபத்து வாசலில் அக்கா அவரை மறித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, எனக்கு ஆறுதல் வேண்டாம். எங்கட டானியல் வெடிபட்டோ செத்தவன்?"

இவருடைய கை அளவுநாடாவைத் தேடிப் பைக்குள் போனது. வெறுங்கையாகவே வெளியே வந்தது.

"தெரியாது, தங்கச்சி. நெஞ்சளவு தண்ணி எண்டு சொல்லிவிட்டது நான்தான்." உள்ளங்கையைத் தன் நெஞ்சில் குறுக்காக வைத்தார். "இவ்வளவு. தம்பி என்ன உயரம்?"

அக்கா கையை உயர்த்திக் காட்டினார். அது மரியரட்ணத்தின் தோளுக்கு நேரே நின்றது. நெஞ்சில் தண்ணீர் மட்டமாக இருந்த கைக்கு மேலே நாலைந்து விரற்கடை. அந்த இடைவெளியோடு அவர் விட்டிருக்கலாம். அக்காவும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

"அடியில சேறு," என்றார் மரியரட்ணம். "சாமானோட எண்டா கால் ஒரு சாண் தாழும். நான் அதைச் சொல்லேல்லை."

அருமைநாயகி அக்கா தன் கையை மெல்ல ஒரு சாண் இறக்கினார். அது மரியரட்ணத்தின் கைக்குக் கீழே போய் நின்றது.